பசித்த வேரும் பக்கத்து வேரும்: மூன்றாவது சுற்றில் கிடைத்தது

செடியின் பசித்த வேர் பக்கத்து வேருக்குச் சேதி சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. நேற்று ராத்திரி கடைசித் தட்டை ஸ்கேன் செய்து, வேர் நீளத்தை அளந்து நோட்டில் எழுதி மூடியபோது மணி பன்னிரண்டரை. ஆரம்பித்து ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது. அதில் பாதிக்கு மேல் வீண். எதனால் வீணானது என்று இப்போது திரும்பிப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை: ஒரு பைப்பெட்டில் (துளித் துளியாகத் திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) அளவைக் காட்டும் சின்ன ஜன்னல், அப்புறம் தட்டின் அடியில் தேங்கிய, ஒரு மில்லிகூடத் தேறாத தண்ணீர். இந்த வேலையைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் அந்த இரண்டில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் விலாவாரியாக எழுதுகிறேன்.

நான் பார்க்க நினைத்தது இதுதான். செடியின் வேர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சாப்பாடு கிடைப்பதில்லை. ஒரு பக்கம் மண்ணில் செடிக்கு நைட்ரஜன் தரும் நைட்ரேட் தீர்ந்திருக்கும், நாலு விரல் தள்ளி நிறைய இருக்கும். தீர்ந்த பக்கத்து வேர் சிஇபி என்ற குட்டி பெப்டைடு (புரதத் துண்டு) ஹார்மோனைச் சுரக்கிறது. வெறும் 15 அமினோ அமிலம். அது தண்ணீரை ஏற்றும் குழாயான சைலம் வழியாக மேலே ஏறி இலைக்குப் போகிறது. இலையில் சிஇபிஆர்1 என்ற ஏற்பி அதைப் பிடிக்கிறது. உடனே இலை, சிஇபிடி என்ற இன்னொரு சின்னப் புரதத்தை, இலையின் சாப்பாட்டை இறக்கும் குழாயான புளோயம் வழியாகக் கீழே அனுப்புகிறது. அது எல்லா வேருக்கும் போனாலும், நைட்ரேட் இருக்கும் இடத்து வேரில்தான் என்ஆர்டி2.1 என்ற நைட்ரேட் கடத்தியைக் கூட்டிவிடுகிறது. அதாவது பசித்த வேர் தனக்காகக் கேட்கவில்லை, கேட்டும் பிரயோஜனமில்லை, அங்கேதான் ஒன்றும் இல்லையே. பக்கத்து வேரைக் கூடுதலாக உறிஞ்சச் சொல்கிறது. பெப்டைடை 2008-லேயே அடையாளம் கண்டுவிட்டார்கள். இலைக்குப் போய்த் திரும்பும் இந்தக் கதையை நகோயா பல்கலைக்கழகத்தில் யோஷிகாத்சு மட்சுபயாஷியின் குழு 2014-ல் சயின்ஸ் இதழில் வெளியிட்டது, கீழே இறங்கும் புரதத்தை 2017-ல் கண்டுபிடித்தது. தியரி இவ்வளவு போதும்.

இதில் கண்ணால் பார்க்கக்கூடியது எது? ஜீன் அளவை அளக்க என்னிடம் கருவி இல்லை. இருப்பது ஒரு பழைய ஃப்ளாட்பெட் ஸ்கேனர், கடன் வாங்கிய இரண்டு பைப்பெட், காற்றை வடிகட்டும் ஒரு சின்ன ஹூட், 12 சென்டிமீட்டர் சதுரத் தட்டுகள், எல்இடி விளக்கு போட்ட அலமாரி. அதனால் இரண்டு கேள்வி மட்டும் வைத்துக்கொண்டேன். ஒன்று, கடையில் செய்து வாங்கும் சிஇபி1 பெப்டைடை அகாரில் (செடி வளர்க்கும் கூழ்) கலந்தால் வேர் குட்டையாகிறதா? அப்படி ஆகும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். என் கையில் இருக்கும் பெப்டைடு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அது உதவும். இரண்டு, ஒரே செடியின் வேரை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கத்தை மட்டும் நைட்ரேட் இல்லாமல் பட்டினி போட்டால், நைட்ரேட் இருக்கும் பக்கத்து வேர் வழக்கத்தைவிட அதிகமாக வளர்கிறதா?

முதல் சுற்று, பெப்டைடு. செடி அரபிடாப்சிஸ், ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் குட்டிச் செடி, கொலம்பியா ரகம். விதையை 70 சதவீத எத்தனாலில் ஐந்து நிமிடம், அப்புறம் ஐந்து மடங்கு நீர்த்த பிளீச்சில் ஒரு சொட்டு ட்வீன் (சோப்பு மாதிரி திரவம்) விட்டு எட்டு நிமிடம், அப்புறம் சுத்திகரித்த தண்ணீரில் ஐந்து முறை கழுவல். நான்கு டிகிரியில் இருட்டில் மூன்று நாள் வைத்தால் எல்லாம் ஒரே நாளில் முளைக்கும். அந்த மூன்று நாளைச் சுருக்கப் பார்க்காதீர்கள். ஒருமுறை ஒரே நாளில் எடுத்து விதைத்தேன், முளைப்பில் இரண்டு நாள் வித்தியாசம் வந்தது, அப்புறம் வேர் நீளத்தை ஒப்பிட்டு என்ன பயன்?

பெப்டைடு ஒரு மில்லிகிராம் குப்பியில் வெள்ளைத் தூசி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். திறப்பதற்கு முன் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று விடுங்கள், இல்லையென்றால் மூடியோடு போய்விடும். செடி இந்தப் பெப்டைடில் சில புரோலின் அமினோ அமிலங்களில் ஒரு ஹைட்ராக்சில் சேர்த்துத்தான் பயன்படுத்துகிறது, அதனால் அப்படி மாற்றியதையே கேட்டு வாங்கினேன். மூலக்கூறு எடை சுமார் 1580. கணக்குப் போட்டு 630 மைக்ரோலிட்டர் தண்ணீர் விட்டு, 1 மில்லிமோலார் (கரைசலின் செறிவு) என்று குப்பியில் எழுதி, 110 மைக்ரோலிட்டர் வீதம் சின்ன டியூப்களில் பிரித்து உறையவைத்தேன். ஒரு தட்டுக்கு 25 மில்லி அகார், அதில் 25 மைக்ரோலிட்டர் விட்டால் 1 மைக்ரோமோலார். ஒரு டியூபில் நாலு தட்டு.

எட்டாவது நாள் பார்த்தால் வித்தியாசமே இல்லை. பெப்டைடு போட்டதும் போடாததும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கின்றன. சூட்டில் கெட்டுவிட்டதா, பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டதா, வாங்கியதே மோசமா என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்தேன். பெப்டைடு செய்து கொடுத்தவர்களுக்குக் கடிதம் எழுதப் பாதி டைப் செய்தாயிற்று. அப்புறம் எதற்கோ ஃப்ரீசரைத் திறந்தபோது, காலி என்று நினைத்து வைத்திருந்த டியூப் கண்ணில் பட்டது. நாலு தட்டுக்கு 100 எடுத்திருந்தால் அதில் 10 மைக்ரோலிட்டர்தான் மிச்சம் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட நிறைந்து இருந்தது.

பைப்பெட். என்னிடம் இருப்பது 20 மைக்ரோலிட்டர் ஒன்று, 200 மைக்ரோலிட்டர் ஒன்று. இரண்டுக்கும் அதே மஞ்சள் டிப். இரண்டிலும் ஜன்னலில் மூன்று இலக்கம். 200-இல் 025 என்று வைத்தால் 25. 20-இல் அதே 025 என்று வைத்தால் 2.5, கடைசி இலக்கம் புள்ளிக்கு அப்புறம் வருவது, அதைக் காட்டத்தான் அந்த இலக்கம் வேறு நிறத்தில் இருக்கும். தலையில் எழுதியிருந்த எண் தேய்ந்துபோன பைப்பெட்டை எடுத்து, பத்தில் ஒரு பங்கு பெப்டைடைப் போட்டுவிட்டு, உலகத்தையே சந்தேகப்பட்டிருக்கிறேன். இப்போது இரண்டிலும் தடித்த மார்க்கரில் எழுதி மேலே டேப் ஒட்டியிருக்கிறது.

நல்லவேளை, கடிதத்துக்காகப் பெப்டைடோடு வந்த தாளைத் தேடி எடுத்துப் படித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. குப்பியில் ஒரு மில்லிகிராம் என்பது முழுக்கப் பெப்டைடு இல்லை. சுத்திகரிப்பின்போது சேரும் அமில உப்பும் ஈரமும் அதில் அடக்கம். தாளில் பெப்டைடின் நிகர அளவு 76 சதவீதம் என்று தனியாகப் போட்டிருந்தது. 98 சதவீதத் தூய்மை என்று மேலே பெரிதாக இருந்ததைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அது வேறு, இது வேறு. ஆக என் 1 மில்லிமோலார் உண்மையில் 0.76. அதற்கப்புறம் தட்டுக்கு 33 மைக்ரோலிட்டர் என்று மாற்றிக்கொண்டேன். செலவுக் கணக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு தட்டுக்குச் சுமார் 40 மைக்ரோகிராம் நிகரப் பெப்டைடு, ஒரு மில்லிகிராம் குப்பியில் 19 தட்டு. சிந்தாமல் கொட்டாமல் இருந்தால்.

சரியான அளவு போட்டதும் சரியாக வந்தது. அகார் 50 டிகிரி அளவுக்கு ஆறியபின், 25 மில்லியை ஒரு டியூபில் ஊற்றி, பெப்டைடை விட்டு, மூடி இரண்டு முறை கவிழ்த்து, குமிழி எழும்பாமல் ஊற்றினேன். எட்டாவது நாள் வெறும் தட்டில் முதன்மை வேர் சராசரி 51 மில்லிமீட்டர், பெப்டைடு தட்டில் 36. தட்டுக்குப் பத்துச் செடி, நாலு நாலு தட்டு. வித்தியாசம் தெரிய அளவுகோல்கூட வேண்டாம், தட்டைத் தூக்கிப் பிடித்தாலே போதும். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை, பெப்டைடு செய்தவர்களிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

இரண்டாவது சுற்று, வேரைப் பிரிப்பது. இதுதான் உண்மையான வேலை.

வழக்கமாகப் போடும் அரை அளவு எம்எஸ் என்ற ஆயத்த ஊட்டக் கலவை இதற்கு ஆகாது. அதில் அம்மோனியமும் நைட்ரேட்டும் சேர்ந்து 30 மில்லிமோலார் அளவுக்கு நைட்ரஜன் இருக்கிறது, விருந்துச் சாப்பாடு. அதனால் உப்புகளைத் தனித்தனியாக நிறுத்துக் கலந்தேன்: கால்சியம் குளோரைடு 1.5, மெக்னீசியம் சல்பேட் 0.75, பொட்டாசியம் பாஸ்பேட் 0.625 மில்லிமோலார், நுண்ணூட்டங்கள் வழக்கம்போல, சர்க்கரை அரை சதவீதம், பிஹெச் 5.7-இல் நிற்க எம்ஈஎஸ் லிட்டருக்கு அரை கிராம். நைட்ரேட் உள்ள பக்கத்துக்கு பொட்டாசியம் நைட்ரேட் 10 மில்லிமோலார், லிட்டருக்கு 1.01 கிராம். இல்லாத பக்கத்துக்கு அதே 10 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 0.75 கிராம். நைட்ரேட்டை வெறுமனே விட்டுவிட்டால் பொட்டாசியமும் சேர்ந்து போய்விடும், அப்புறம் வேர் எதற்காக ஏங்குகிறது என்று நமக்கே தெரியாது. எம்ஈஎஸ்ஸைக் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். நைட்ரேட்டை மட்டும் உறிஞ்சும் வேர் தன்னைச் சுற்றி பிஹெச்சை மெல்ல மேலே ஏற்றிவிடும்.

செடியைத் தயார் செய்வது இப்படி. சாதாரணத் தட்டில் எட்டு நாள் வளர்த்து, மேலே முதல் இரண்டு பக்கவேர் முளைவிட்டதும், அவற்றுக்குக் கீழே முதன்மை வேரை வெட்டிவிட வேண்டும். ஸ்கால்பெல் வைத்து வெட்டினேன், வேர் நசுங்கி இழுபட்டது. மெல்லிய ஊசியின் சாய்ந்த முனையை வேரின் மேல் வைத்து ஒரே அழுத்து, அதுதான் சுத்தமாக வெட்டுகிறது. ஐந்து நாள் விட்டால் அந்த இரண்டு பக்கவேரும் முதன்மை வேர் மாதிரி கீழ்நோக்கி ஓடும். நாற்பது செடி வெட்டினால் பதினேழு தேறும். மற்றதில் ஒரு வேர் ஓடும், இன்னொன்று சோம்பேறியாக நிற்கும். இரண்டு வேருக்கும் நீள வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மாற்றும்போது செடியை இலைக்கு அடியில் பிடித்துத் தூக்குங்கள், வேரைத் தொடவே கூடாது. ஹூட்டின் காற்றில் வெறும் வேர் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. நுனி கண்ணாடி மாதிரி தெரிவது மங்கிப்போனால் முடிந்தது. முதல் ஆறு செடி அப்படிப் போனது. அப்புறம் தட்டைப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே வீச்சில் மாற்றக் கற்றுக்கொண்டேன்.

தட்டு இப்படி. நடுவில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைத் தடுப்பாக நிறுத்தி, ஒரு பக்கம் நைட்ரேட் அகார், அது இறுகியதும் மறுபக்கம் குளோரைடு அகார், பக்கத்துக்கு 12 மில்லி. பட்டையை எடுத்துவிட்டு அந்தக் கோட்டின் இரு பக்கமும் வெட்டிப் பள்ளம் போட வேண்டும். இரண்டு பிளேடை மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு கட்டையில் கட்டி ஒரு வெட்டுக்கருவி செய்தேன். வெட்டி நடுத் துண்டை ஃபோர்செப்ஸால் உரித்தால் பள்ளம் வந்துவிடுகிறது. செடி உட்கார வசதியாக இருக்கட்டும் என்று மேலே ஒரு சென்டிமீட்டருக்குப் பள்ளம் போடாமல் பாலம் மாதிரி விட்டேன். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்.

ஏழு நாள் கழித்து, நைட்ரேட் பக்கத்து வேரும் இல்லாத பக்கத்து வேரும் ஏறத்தாழ ஒரே மாதிரி வளர்ந்திருந்தன. பட்டினி கிடந்த பக்கம் சந்தோஷமாகக் கிளைவிட்டு நிற்கிறது. செடிக்குப் பட்டினியே தெரியவில்லை.

இந்தத் தடவை பெப்டைடையோ விதையையோ குறை சொல்லவில்லை, பட்ட சூடு நினைவிருந்தது. மீன் தொட்டித் தண்ணீரில் நைட்ரேட் பார்க்கும் பட்டைத்தாள் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். குளோரைடு பக்கத்து அகாரில் பல இடத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, அதன் பத்து மடங்கு தண்ணீரில் நசுக்கி, தாளை நனைத்துப் பார்த்தேன். 10 மில்லிமோலார் என்பது லிட்டருக்கு 620 மில்லிகிராம் நைட்ரேட், தாளின் அளவைத் தாண்டிவிடும், அதனால்தான் நீர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளையாக இருக்க வேண்டிய தாள் மேல்பகுதியில் இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளை, அடியில் நல்ல சிவப்பு. அந்த வரிசையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மேலே, நான் வசதிக்காக விட்ட பாலம். நைட்ரேட் அகாருக்குள் ஊர்ந்து போகும் வேகத்துக்கு ஐந்தாறு நாளில் சில சென்டிமீட்டர் தாண்டிவிடும், ஒரு சென்டிமீட்டர் பாலமெல்லாம் அதற்குத் திறந்த கதவு. கீழே, தட்டு நிமிர்ந்து நிற்பதால் மூடியில் வியர்த்த நீரெல்லாம் பள்ளம் வழியாக வடிந்து, அடிச்சுவரில் ஒரு குட்டிக் குட்டையாகத் தேங்கியிருந்தது. இரண்டு பக்க அகாரும் அந்தக் குட்டையில் கால் நனைத்துக்கொண்டிருந்தது. வேர்கள் இரண்டும் செடி வழியாகச் சேதி சொல்லிக்கொள்ள வேண்டும் என்று நான் இவ்வளவு பாடுபட்டிருக்கிறேன், அவையோ தண்ணீர் வழியாகச் சோற்றையே பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது சுற்றில் செய்த மாற்றங்கள். பாலம் இல்லை, பள்ளம் மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது, செடியின் பிரியும் இடம் பள்ளத்தின் மேல் தொங்குகிறது. பள்ளத்தை மேலே நாலு மில்லிமீட்டர், கீழே போகப்போக எட்டு என்று விரித்தேன். வேர் தாண்டிக் குதிக்காது, ஆனால் மேலே அகலம் அதிகமானால் பக்கவேர் எட்டாது. அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு இரண்டு பக்க அகாரையும் முழுக்க வெட்டி எடுத்துவிட்டேன், வடியும் நீர் வெறும் பிளாஸ்டிக்கில் தேங்கட்டும். அகார் 1 சதவீதத்துக்குப் பதில் 1.2 சதவீதம், துண்டு விளிம்பு சரியாமல் நிற்கிறது. ஊற்றும் சூட்டைக் குறைத்து, மூடியைச் சற்றே திறந்து ஹூட்டில் நாற்பது நிமிடம் உலர்த்திய பின்தான் மூடினேன். சுற்றிலும் இறுக்கமான ஃபிலிமுக்குப் பதில் காற்று போகும் மருத்துவ டேப். தட்டை நேராக நிறுத்தாமல் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் வேர் அகாரை விட்டு விலகாது. கருப்பு அட்டையை இலைக்குக் கீழே செருகி வேரில் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொண்டேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், மண்ணுக்குள் இருக்க வேண்டிய உறுப்பு அது.

மூன்று வகைத் தட்டு போட்டேன்: இரண்டு பக்கமும் நைட்ரேட், இரண்டு பக்கமும் இல்லை, ஒரு பக்கம் மட்டும். இரண்டாவது நாளும் ஆறாவது நாளும் ஒரு உபரித் தட்டைப் பலி கொடுத்துப் பட்டைத்தாளில் பார்த்தேன். குளோரைடு பக்கம் வெள்ளை, மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை. அந்த வெள்ளைத் தாளை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்தேன், ஒரு புள்ளி 42 மைக்ரோமீட்டர், இதற்கு மேல் தேவையில்லை, கோப்புதான் பெருத்துப்போகும். தட்டின் பின்பக்கத்தை ஸ்கேனர் கண்ணாடியில் வைத்து மேலே கருப்புத் துணி. அளப்பதற்கு ஃபிஜி என்ற படம் அளக்கும் மென்பொருள். தானாக வேரைக் கண்டுபிடிக்கும் வசதியை நம்பிப் பள்ளத்தின் விளிம்பையும் வேர் என்று எண்ணவைத்து ஒரு சாயங்காலம் போனது, அதனால் கையாலேயே கோடு இழுத்தேன். எந்தத் தட்டு எந்த வகை என்று தெரியாமல் அளக்க வேண்டும் என்பதற்காகக் கோப்புகளின் பெயரை வேறு ஒருவரை மாற்றித் தரச் சொன்னேன். கோடு இழுக்கும்போது கை தன் ஆசைப்படி நீட்டிவிடும், என் கையை எனக்குத் தெரியும்.

ஆறு நாளில் கூடுதலாக வளர்ந்த மொத்த நீளம், கிளைகளையும் சேர்த்து, ஒரு வேருக்கு: இரண்டு பக்கமும் நைட்ரேட் இருந்த தட்டில் சராசரி 58 மில்லிமீட்டர். ஒரு பக்கம் மட்டும் இருந்த தட்டில் நைட்ரேட் பக்கம் 83, இல்லாத பக்கம் 27. ஒன்பது தட்டில் ஏழில் இப்படித் தெளிவாக வந்தது, ஒன்றில் இரண்டும் சமம், ஒன்றில் செடியே நொடிந்துவிட்டது. கவனிக்க வேண்டியது 83-க்கும் 27-க்கும் உள்ள வித்தியாசம் இல்லை. சாப்பாடு இருக்கும் இடத்தில் வேர் வளர்வதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 83-ஐ 58-ஓடு ஒப்பிடுங்கள். இரண்டு வேரின் அகாரிலும் அதே 10 மில்லிமோலார். ஒரு துளி வித்தியாசமில்லாத அதே தட்டு, அதே விளக்கு. பக்கத்து வேர் பட்டினி கிடக்கிறது என்பது மட்டும்தான் கூடுதல். அந்தச் சேதி பள்ளத்தைத் தாண்டி வரவில்லை, செடிக்குள் வந்திருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு சிஇபிதான் செய்தது என்று சொல்லிவிட முடியாது. பட்டினிச் சேதிக்கு வேறு வழிகளும் உண்டு, சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோனும் இதே பாதையில் மேலே போகிறது. அதனால் கடைசியாக ஒன்று முயன்றேன்: இரண்டு பக்கமும் நைட்ரேட், ஒரு பக்கம் மட்டும் 1 மைக்ரோமோலார் பெப்டைடு. பட்டினி இல்லாமலே பட்டினிச் சேதி. பெப்டைடு பக்கத்து வேர் எதிர்பார்த்தபடி குட்டையானது. மறுபக்கம்? நீளத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. உண்மையில் அங்கே ஏறுவது உறிஞ்சும் கடத்தி, நீளம் இல்லை. உறிஞ்சியதைத்தான் அளக்க வேண்டும். பட்டைத்தாளை வைத்தே அதையும் அளந்துவிடலாம் என்று நினைத்தது அசட்டுத்தனம். 12 மில்லியில் 10 மில்லிமோலார் என்றால் 120 மைக்ரோமோல் நைட்ரேட். இரண்டு மில்லிகிராம் உலர் எடை இருக்கும் குட்டிச் செடி மொத்தமாகவே ஏழெட்டு மைக்ரோமோல்தான் எடுத்திருக்கும். குளத்தில் ஒரு குடம் மொண்டுவிட்டு நீர்மட்டம் இறங்கியதா என்று பார்த்த கதை.

அடுத்த தடவை நைட்ரேட்டை 1 மில்லிமோலாருக்குக் குறைப்பேன், அப்போது பக்கத்துக்கு 12 மைக்ரோமோல், செடி எடுப்பது தாளில் தெரியும். பட்டைத்தாளின் நிறத்தைக் கண்ணால் பார்க்காமல் அதே ஸ்கேனரில் வைத்து, தெரிந்த அளவுகளோடு ஒப்பிட வேண்டும். வெட்டுவதற்கு நாற்பது செடி போதாது, எண்பது. பெப்டைடு வைக்கும் டியூபைத் திரும்பத் திரும்ப உருக்காமல் தட்டுக்கு ஒன்றாகப் பிரிப்பேன். ஒவ்வொரு சுற்றிலும் முதல் வேலை பட்டைத்தாள், கடைசி வேலை இல்லை. அப்புறம் வெறும் அகாரிலேயே கொஞ்சம் நைட்ரஜன் கலந்து வரும், தூய்மையான ரகம் வாங்கினால் பட்டினி இன்னும் சுத்தமாக இருக்கும்.

சேதியைக் கேட்கவே முடியாத செடியில் இதே பள்ளத்தை வெட்டிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. சிஇபிஆர்1 ஏற்பி பழுதான செடியின் விதை கொஞ்சம் கிடைத்திருக்கிறது, அதே ரகத்தின் சாதாரண விதையோடு. இந்த ஏற்பியும் இதன் ஜோடியான சிஇபிஆர்2-வும் இரண்டும் இல்லாத செடிகள் வெளிறிய சின்ன இலையோடு, நைட்ரஜன் போதாமல் வாடுவதுபோல நிற்கும் என்று 2014 கட்டுரையிலேயே இருக்கிறது. ஒன்று மட்டும் பழுதானது எப்படி நிற்கும் என்று பார்க்க வேண்டும். விதை இப்போது ஃபாயிலில் சுற்றி நான்கு டிகிரியில் இருக்கிறது. இன்று இரண்டாவது நாள். நாளை மறுநாள் விதைப்பு.

பிளேடு இரண்டையும் மாற்றிவிட்டேன், பழையது மழுங்கி அகாரை வெட்டாமல் பிய்க்கிறது.